அம்மாகிட்ட சொல்லு

"இந்த நாற்காலிக்கு ஆள் வராங்களா?" என்று தையல்கார அக்கா கேட்டாள்.

"வராங்க."

"யாரு?"

"பாப்பாவோட அப்பா."

'எங்க வீட்டுக்காரர்' என்று சொல்லப் பாப்பாவின் அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. மூன்று வருடமாகவே எழவில்லை.

பள்ளிக்கூடத்து விளையாட்டு அறை அது. தரையில் பூப்பந்துக் கோடுகள் அழியாமல் கிடந்தன. அவற்றின் மேல் இரும்பு மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் இரண்டு, ஒட்டி ஒட்டி. முதுகுப் பக்கம் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டு. ஒன்றைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று அவள் குனிந்து பார்த்தாள். அடியில் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தது.

"இது என்ன போட்டி, பேச்சா பாட்டா?" தையல்கார அக்கா விடவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடைகளில் பாதி அவள் கைத் தையல். யார் பிள்ளை எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று பெற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

"போட்டியே இல்லையாம்க்கா. பேச்சுக் கவிதையாம். வாயால சொல்றது."

"வாயால சொல்லாம மூக்காலயா சொல்வாங்க?"

"எழுதிப் பார்த்துப் படிக்கக் கூடாதாம். எதுகை மோனை எல்லாம் வேண்டாமாம். வீட்டுல பேசுற மாதிரியே, சொந்தமா ஒன்னு."

"உங்க பாப்பா எதைப் பத்தி?"

"தண்ணீர்."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமை. நகரத்துக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவள். எந்தத் தெருவின் எந்தக் குழாயில் குளோரின் குறைகிறது என்று மனப்பாடமாகச் சொல்வாள். பாப்பா வந்து, "தண்ணியைப் பத்தி நாலு விஷயம் சொல்லும்மா" என்று கேட்டபோது நாற்பது விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். உள்ளே ஒரு கடிதம் இருந்தது. வேறு ஊரில், அணைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் சோதனைக்கூடத்துக்கு அவளைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கனவிலும் கேட்காத பதவி. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்' என்று பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. நாளைக் காலை மேலதிகாரியின் மேஜையில் வைக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை அழுதுகொண்டு எழுதவில்லை. சந்தோஷமாகத்தான் எழுதினாள். அதற்குக் காரணம் பாப்பாவின் அப்பா அனுப்பிய ஒரு வார்த்தை.

அனுப்பியதுதான். அவர்கள் வீட்டில் பேச்சு நேராக நடக்காது, பாப்பா வழியாகத்தான் போய் வரும். "அப்பாகிட்ட சொல்லு" என்று இவள் ஆரம்பிப்பாள், "அம்மாகிட்ட சொல்லு" என்று அவர் முடிப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால், இவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் செத்துப்போன அன்று, மூன்று மணி நேரம் கழித்து வந்து நின்ற மனிதரைப் பார்த்து, "ஒன்னும் சொல்லாதீங்க. இனிமே என்கிட்ட பேசாதீங்க" என்று சொன்னாள். "சரி" என்றார். பேசவில்லை. இத்தனைக்கும் அவர் பேசியே பிழைக்கிறவர். லிப்ட் மெக்கானிக். கரண்ட் போய் ஆள் மாட்டிக்கொண்டால், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களோடு அரை மணி நேரம் ஆனாலும் சளைக்காமல் பேசுவார் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும்.

கிரீஸ் வாடை முதலில் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. பின்னால் அவர் உட்கார்ந்தார். இருவரும் மேடையைப் பார்த்தார்கள்.

"வாங்க தம்பி," என்றாள் தையல்கார அக்கா, இவளைத் தாண்டிக் குனிந்து. "உங்க பாப்பா தண்ணியாம்."

"அப்படியாக்கா," என்றார் அவர். அவருக்கு அது புதுச் செய்தி. யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

மூன்று பிள்ளைகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவன் தன் சைக்கிளைப் பற்றி, ஒருத்தி தன் முடியைப் பற்றி. மைக் இடையிடையே கூவியது. நாலாவதாகப் பாப்பா வந்தாள். பதினாலு வயது, வீட்டில் இன்னும் பாப்பாதான். கண்ணை இடுக்கிக்கொண்டு கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு நிம்மதியானவள் போல நிமிர்ந்து நின்றாள்.

"தலைப்பை மாத்திக்கிறேன் டீச்சர்," என்றாள்.

ஓரத்தில் நின்ற தமிழ் டீச்சர், "உன் இஷ்டம்மா, சொல்லு," என்றாள்.

"அம்மாகிட்ட சொல்லு," என்றாள் பாப்பா. அதுதான் தலைப்பு.

"எங்க வீட்டுல மூணு பேர்.
பேசுறது ஒரே ஆள்.
அது நான்.

அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சு.
அம்மாகிட்ட சொல்லு, தெரியும்.
அப்பாகிட்ட சொல்லு, தெரிஞ்சா மட்டும் போதுமா.
அம்மாகிட்ட சொல்லு, எனக்கு ரெண்டு கைதான்.
மூணு பேரும் ஒரே அறையிலதான் நிக்கிறோம்.
கேஸ் அடுப்பு மட்டும்தான் பேசாம இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்கார அக்கா இவள் தொடையில் தட்டி, "அப்படியே எங்க வீடுதான் போ," என்றாள். அவள் அதை விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

இவளுக்குக் காது மடல் சுட்டது. தண்ணீர் எங்கே? நாற்பது விஷயம் எங்கே?

"எனக்கு லீவு கிடையாது.
காய்ச்சல் வந்தாலும் டூட்டி.
வாயில தெர்மாமீட்டர் இருந்த அந்த ரெண்டு நிமிஷம்
வீடே அமைதி.
நூத்தி ரெண்டுன்னு அம்மா சொன்னா, என்கிட்ட.
எவ்வளவுன்னு அப்பா கேட்டாரு, என்கிட்ட."

இதற்கும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. கம்பியால் கட்டியிருந்ததால் இவள் நாற்காலியும் சேர்ந்து அசைந்தது.

பாப்பா குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப ஒரு திருட்டைச் சொல்றேன்.

அப்பா கொடுத்துவிட்டது, 'சாப்பாட்டுல உப்பு இல்ல.'
அம்மாகிட்ட போய்ச் சேர்ந்தது, 'இன்னைக்குச் சமையல் நல்லா இருக்காம்.'

அம்மா கொடுத்துவிட்டது, 'சத்தமா இரும வேண்டாம், தூக்கம் கெடுது.'
அப்பாகிட்ட போய்ச் சேர்ந்தது, 'உங்க இருமல் கேட்டா அம்மாவுக்குத் தூக்கமே வரலையாம், டாக்டரைப் பாருங்க.'
அப்பா டாக்டரைப் பார்த்தாரு.
இருமல் நின்னுபோச்சு.
பொய்யில குணமான நோய் அது ஒன்னுதான்னு நினைக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சோதனைக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே முதல் பாடமே அதுதான். சீல் உடைந்த பாட்டிலில் வரும் தண்ணீரைத் தொடாதே, எந்தக் கையில் எது கலந்ததோ தெரியாது, கொட்டிவிடு. புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள்தான் இதைச் சொல்லிக்கொடுப்பாள். அவளே மூன்று வருடமாக, சீல் இல்லாத பாட்டிலை ஒரு குழந்தையின் கையிலிருந்து வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறாள்.

சமையல் நல்லா இருக்காம். மழையா இருக்கு, குடை எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. கால் வலிக்குதுன்னா மாவு அரைக்க வேண்டாமாம். எது அவருடையது? ஒன்றாவது அவருடையதா?

அப்படியானால் அந்த வார்த்தை?

'வேண்டாம்டி' என்று வாய்க்குள் சொன்னாள். 'அதை மட்டும் சொல்லாதே.'

பாப்பா சொன்னாள்.

"போன மாசம் அம்மாவுக்கு வேற ஊர்ல பெரிய வேலை கிடைச்சுது.
போகவா வேண்டாமான்னு அப்பாகிட்ட கேளுன்னா.
வாசல்ல போய்க் கேட்டேன்.
அப்பா குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னாரு, 'அவ இஷ்டம்.'

வாசலுக்கும் சமையலறைக்கும் பதினோரு எட்டு.
அந்தப் பதினோரு எட்டுல 'அவ இஷ்டம்' என்ன ஆச்சு தெரியுமா?
'நீ இல்லாத வீட்டுல விளக்கு எரிஞ்சாலும் இருட்டுதான்'னு ஆச்சு.

அம்மா முகம் கழுவப் போனா.
குழாய் ரொம்ப நேரம் ஓடுச்சு.

நான் எழுதின முதல் கவிதை அதுதான்.
அதுக்கு அப்பா பேரைப் போட்டேன்."

அந்த வார்த்தையை அவள் ஒரு மாதமாக வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். பேருந்தில் நின்றுகொண்டே நினைத்துப் பார்த்திருக்கிறாள். பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும்போது தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். முப்பத்தொன்பது வயதில், கட்டின புருஷன் சொன்னதாக ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டிருக்கிறாள். அந்த நினைப்பில் பரிசோதனைக் குழாயைக் கீழே போட்டு உடைத்ததுகூட ஒரு நாள் நடந்தது. உண்மையில் வந்ததோ செருப்பு மாட்டிக்கொண்டே சொன்ன வார்த்தை. 'அவ இஷ்டம்.'

பக்கத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். திரும்பிவிட்டாள். அவர் தரையிலிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

"ஏன் திருடினேன்னு கேளுங்க," என்றாள் பாப்பா.

"ஏன்னா முதல்ல வந்த செய்தியை நான் கொண்டுபோகவே இல்ல.

எனக்குப் பதினோரு வயசு. தாத்தா ஆஸ்பத்திரியில.
அம்மாவோட போனை வெளியில வாங்கி வச்சுக்கிட்டாங்க.
அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டாரு.
'லிப்ட்ல ஆறு பேர் மாட்டியிருக்காங்க, அதுல ஒருத்தங்க நிறைமாசம், விட்டுட்டு வர முடியல.
அம்மா கூப்பிட்டா சொல்லு. முடிச்ச நிமிஷம் ஓடி வரேன்னு சொல்லு.'

டிவில பூனை எலியைத் துரத்திக்கிட்டு இருந்துச்சு.
ஆஸ்பத்திரி போன்லருந்து அம்மா கூப்பிட்டா. 'அப்பா கூப்பிட்டாராடி?'
'இல்ல'ன்னேன்.
டிவியிலிருந்து கண்ணை எடுக்காம 'இல்ல'ன்னேன்.

அன்னையிலிருந்து கொண்டுபோறேன். கொண்டுபோய்க்கிட்டே இருக்கேன்.
அந்த ஒன்னுக்குப் பதிலா ஆயிரம் கொண்டுபோயிட்டேன்.
ஈடாகல.

இப்ப கொண்டுவந்துட்டேன்.
அம்மா, அப்பா கூப்பிட்டாரு.
இதுதான் கடைசி.
இனிமே இந்த வாய் எனக்கு வேணும்."

சொல்லிவிட்டு மைக்கைத் தாங்கியில் வைத்தாள். அது ஒரு முறை கூவி அடங்கியது. பின் வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அறை முழுக்கத் தட்டியது. தையல்கார அக்கா தட்டவில்லை. தட்டுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நிற்க, இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நடுவில் இருந்த கம்பியைப் பார்த்தாள்.

"நான் சிரிச்சேனே," என்றாள் மெதுவாக. "மனசுல வச்சுக்காதம்மா."

பாப்பா இறங்கி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். பழக்கம் விடவில்லை.

"அம்மாகிட்ட சொல்லு, நான் வண்டியை..."

பாப்பா வாயை மூடிக்கொண்டு நின்றாள். உதட்டை உள்ளுக்கு மடித்து, நிஜமாகவே மூடிக்கொண்டு. அவர் பாதி வாக்கியத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல வெளியே போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் தாயும் மகளும் நின்றார்கள்.

"வர்றது என்ன நம்பர்மா?" என்றாள் பாப்பா.

"இருபத்தி மூணு. தெரியல?"

"ம்."

ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் போன பிறகு அவள் கேட்டாள். "ஏண்டி என்கிட்ட தனியா சொல்லல?"

"தனியா சொன்னா நீ அழுவ. அழுதா நான் நிறுத்திடுவேன்."

"நூறு பேருக்கு நடுவுல சொன்னா?"

"அழ மாட்ட. நீ வெளியில அழுது நான் பார்த்ததில்ல."

"அப்பா மானம்? என் மானம்?"

பாப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னாலயும் முடியலம்மா," என்றாள். அதற்குமேல் கேட்க அவளுக்கும் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கடிதத்தை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம். காலடிகள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். சமையலறை வரை போகவில்லை, ஏழில் நின்றது. கதவுக்கு நேர் வெளியே யாரோ தரையில் உட்காரும் சத்தம். கருவிப் பையைக் கீழே வைக்கும் சத்தம்.

பிறகு கதவில் இரண்டு தட்டு.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

அது அவர் லிப்ட்டில் மாட்டியவர்களிடம் கேட்கும் கேள்வி. ஊரார் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இவளிடம் கேட்டதில்லை.

"ஒருத்திதான்," என்றாள். மூன்று வருடத்தில் அவருக்கென்று அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. குரல் யாருடையதோ போல இருந்தது.

"மூச்சு விட முடியுதா?"

"முடியல."

"சரி. அவசரம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நான் கூப்பிட்டேன்," என்றது கதவு. "அன்னைக்கு."

"இன்னைக்குத்தான் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நான் அப்படி மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சும் 'பேசாதே'ன்னு சொல்றியேன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"பேசாதேன்னு சொன்னியே."

"சொன்னா? மூணு வருஷமா?"

"நீ வாபஸ் வாங்கல."

இந்த மனுஷனை என்ன செய்வது? எழுந்து கதவுப் பக்கம் போய் அவளும் தரையில் உட்கார்ந்தாள். மரப்பலகை ஒன்றுதான் குறுக்கே.

"அந்த நிறைமாசக்காரி என்ன ஆனா?"

"பெண் குழந்தை. வருஷா வருஷம் போன் பண்றாங்க."

எத்தனையோ தெரியாமல் போயிருக்கிறது. பிறகு கேட்டாள், தானே கேட்டாள்.

"அந்த வேலைக்குப் போகவா, வேண்டாமா?"

சமையலறையில் ஏதோ தட்டு உருண்டு நின்றது.

"உன் இஷ்டம்," என்றார்.

"அதையேதான் சொல்றீங்க."

"அதேதான். கோபத்துல சொல்லல அப்ப. செருப்பைப் பார்த்துச் சொன்னேன். நிமிர்ந்தா 'போகாதே'ன்னு வந்துடும். மூணு வருஷமா பேசாதவன் எந்த வாயால அதைச் சொல்றது?"

"அந்த விளக்கு?"

"அது அவளோடது. எனக்கு அப்படி எல்லாம் வராது." கொஞ்சம் நிறுத்தி, "கேட்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். கடிதத்தை நீட்டினாள். தரையில் உட்கார்ந்தபடியே வாங்கி, கையெழுத்து வரை படித்தார்.

"குடும்பச் சூழ்நிலைன்னு போட்டிருக்க. எந்தக் குடும்பம் இது?"

"அவ கட்டினது," என்றாள்.

கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். அதில் அவர் கட்டைவிரல் கிரீஸ் அச்சாகப் பதிந்திருந்தது. நாலாகக் கிழித்தாள். "ஒன்னாம் தேதி சேரணும். வாரக் கடைசியில வருவேன். பார்ப்போம். வேற எதையும் இப்ப கேட்காதீங்க."

"கேட்கல."

"கேளுங்க. ஆனா இப்ப வேண்டாம்."

சாப்பிட உட்கார்ந்தார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் பாப்பாவின் தலை பந்து மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கும். இன்று தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். நேராக இவளைப் பார்த்தார்.

"உப்பு இல்ல," என்றார்.

"அதோ இருக்கு, போட்டுக்கோங்க."

உலகம் இடிந்து விழவில்லை. பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தனை பேரு முன்னாடி எப்படிடி தைரியம் வந்துச்சு?" என்று இவள் பாப்பாவிடம் கேட்டாள். இந்தக் கேள்வியில் கோபமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "நேர் எதிர்ல நாங்க உட்கார்ந்திருந்தோமே. எங்க முகத்தைப் பார்த்துமா?"

"முகம் தெரியலையே."

"விளக்கு கண்ணுல அடிச்சுதா?"

"இல்லம்மா. எப்பவுமே தெரியாது. எல்லாம் ஒரே மசமசன்னு இருக்கும். அதனாலதான் சொல்ல முடிஞ்சுது."

சாதத்தில் வைத்த கை அப்படியே நின்றது. அவருடையதும்.

"எப்பவுமேன்னா? போர்டுல எழுதுறது?"

"தெரியாது. பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்து எழுதிக்குவேன்."

"எவ்வளவு நாளா?"

பாப்பா யோசித்தாள். "ஒரு வருஷம் இருக்கும். இல்ல, அதுக்கு மேல."

"ஏன் சொல்லல?" இந்த முறை இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

பாப்பா அந்தச் சத்தத்தில் கொஞ்சம் திடுக்கிட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லை. எந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வது என்று தெரியாமல், நடுவில் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ ஒன்னு கொடுத்துவிடுவ, அப்பா ஒன்னு கொடுத்துவிடுவாரு. அது ரெண்டையும் மறக்காம கொண்டுபோகணும். நடுவுல என்னோடதைச் சொன்னா குழம்பிடும்."

அவள் தன் மகளின் கண்களைப் பார்த்தாள். மேஜைக்கு இந்தப் பக்கம், இவ்வளவு கிட்டத்தில் இருந்தும், அவை இடுங்கியே இருந்தன. தினமும் பார்த்த முகம்தான். செய்தி வரும் வாயைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள்.

"நாளைக்குக் கண் டாக்டர்," என்றார் அவர், அவளைப் பார்த்து. "நான் கூட்டிட்டுப் போகவா, நீ போறியா?"

"ரெண்டு பேரும் போவோம்," என்றாள்.

பாப்பா வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சை அவள் கொண்டுபோக வேண்டிய இடம் எதுவும் இல்லை.